மறுப்பவர் கையில் கோல்

ஐம்பத்திரண்டு வயதுக் கோணாமலைக்கு முப்பத்தெட்டு வருடத் தொழில் இருந்தது, சொந்தமாக ஒரு தோணி இருந்தது, அதைக் கட்டி நிறுத்த ஒரு துறை மட்டும் இல்லை. 2008ஆம் ஆண்டு தை மாதம், பிரதேச சபைத் தேர்தலுக்கு வேட்புமனு ஏற்கும் கடைசி நாள் விடிந்தபோது அவருடைய நிலைமை இதுதான்.

துறை என்றால் பெரிய விஷயமில்லை. வாவிக் கரையில் கண்டல் மரங்களை வெட்டிய ஒரு சிறிய இடைவெளி, தோணியை இழுத்துவிட ஒரு சரிவு, வலை காயப்போட நான்கு கம்பு, நிழலுக்கு ஒரு பூவரசு. களுதாவளைக்குத் தெற்கே பூவரசடித் துறையில் அவர் பதினான்கு வயதிலிருந்து தோணி கட்டினார். கடல் பக்கம் இருந்த வீட்டைச் சுனாமி கொண்டுபோனது. வடக்கே செட்டிபாளையத்தில் வீட்டுத்திட்டத்தில் ஒரு வீடு கிடைத்தது. அடுத்து சண்டை இறுகிய நாட்களில் துறையில் ஒரு காவலரண் வந்தது, அதைச் சுற்றி முட்கம்பி வந்தது. அன்றிலிருந்து செட்டிபாளையத்தில் வேறொருவருடைய துறையில், மூன்றாவது வரிசையில், தோணி கட்டுகிறார். துறைக்காரன் இறங்கிய பிறகு இவர் இறங்கலாம். துறைக்காரனின் வலை காய்ந்த பிறகு இவர் வலை. துறைக்காரன் நல்ல மனிதன், ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அதுதான் கோணாமலைக்குத் தாங்கவில்லை.

"ஏசினானெண்டாலும் பரவாயில்ல," என்பார் மனைவி நேசம்மாவிடம். "ஒவ்வொரு நாளும் தேத்தண்ணி குடிக்கயளா எண்டு கேக்கான். விருந்தாளி மாதிரி எத்தின வருசத்துக்குத் தொழிலுக்குப் போற?"

கோணாமலை ஒரு கட்சியின் மத்திய குழு உறுப்பினர். நேசம்மா அயலில் இதைச் சொல்வதில்லை. யாராவது கேட்டால், "ஞாயிற்றுக்கிழமையில நாலு பேர ஏத்திக்கு வாவிக்குள்ள போவார், என்னவோ கதைப்பாங்க," என்று முடித்துவிடுவாள். அது பிழையான விவரமும் அல்ல. வாவிக்கரை மக்கள் கட்சி என்று பெயர். தேர்தல் திணைக்களத்தில் பதிவு இல்லை, ஆகவே தேர்தலென்று வந்தால் சுயேட்சைக் குழுவாகத்தான் நிற்கலாம். மத்திய குழுவில் ஐந்து பேர். அலுவலகம் கோணாமலையின் தோணி. கரையில் ஐந்து பேர் ஒரு கதவுக்குப் பின்னால் கூடினால் யாராவது வந்து என்ன கூட்டம் என்று கேட்கிற காலம் அது. வாவியின் நடுவில் கேட்க ஆளில்லை. கோபித்துக்கொண்டு எழுந்து போகவும் வழியில்லை.

இந்த ஐந்து பேரையும் ஒரு தோணியில் ஏற்றியது 2004 மார்கழி இருபத்தாறாம் திகதி. அன்று ஞாயிறு. கோணாமலை பூவரசடித் துறையில் தோணிக்குள் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். கடல் ஊரைக் கடந்து வாவிக்குள் வந்தது. தோணியை அவர் அவிழ்க்கவில்லை, அது தானாகக் கிளம்பியது. மிதந்து வந்தவர்களில் நான்கு பேரை அவரால் பிடித்து இழுக்க முடிந்தது. முதலில் வந்தவர் ஓய்வுபெற்ற உப தபாலதிபர் நல்லரத்தினம், கையில் மடித்த குடை. பிறகு பாலர் பாடசாலை ஆசிரியை றஞ்சிதா. பிறகு காத்தான்குடியிலிருந்து மோட்டார் சைக்கிளில் துணி விற்க வந்த இப்றாஹிம். மோட்டார் சைக்கிள் போய்விட்டது, சாறன் கட்டு தோளில் இருந்தது. கடைசியாக மேசன் வேலைக்குப் போகும் விஜிதரன், அப்போது இருபத்தாறு வயது.

வாவி நடுவில் சண்டை தொடங்கியது. நல்லரத்தினம் படுவான்கரைக்கு விடச் சொன்னார், சூரியன் விழுகிற மேற்குக் கரைக்கு. இப்றாஹிம் திரும்பிப் போய் இன்னும் ஆட்களை ஏற்றவேண்டும் என்றார். விஜிதரன் வடக்கே போகச் சொன்னான். றஞ்சிதா வாய் திறக்காமல் எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையாட்டினாள். கோணாமலைக்குக் கை ஓய்ந்திருந்தது. தோணி தள்ளும் கோலை அவளிடம் நீட்டினார். "அப்ப இந்தா புள்ள. நீ கொண்டு போ."

வாழ்நாளில் கோல் பிடிக்காத றஞ்சிதா அதைச் சேற்றில் ஊன்றி, இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். தோணியும் நின்றது. யாரும் பேசவில்லை. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் இரண்டாம் முறை வந்தது. கரைகளுக்குப் போன தோணிகளை அது புரட்டியது. நடுவில் நின்ற இந்தத் தோணி ஒருமுறை மெதுவாக உயர்ந்து, மெதுவாக இறங்கியது, தூங்குகிற ஒருவருடைய மார்பின் மேல் வைத்த கை மாதிரி.

அகதி முகாமில் ஆட்கள் அவளிடம் அதைப் பற்றிக் கேட்டார்கள். "தெரிஞ்சா நிண்டன்? என்ன செய்யிறதெண்டு தெரியாமத்தான் நிண்டன்," என்றாள்.

முகாமில் அந்த ஐந்து பேரும் சேர்ந்து அரிசியையும் தார்ப்பாயையும் பங்கிட்டார்கள். பங்கில் யாரும் குறை சொல்லவில்லை. சண்டை வந்தால் தீர்த்துவைக்கச் சொல்லி ஆட்கள் அவர்களைத் தேடி வந்தார்கள். ஒரு வருடத்தில் அது கட்சியானது. விதிகள் அடங்கிய யாப்பை எழுதியவர் நல்லரத்தினம். பதினொரு பக்கத்தில் பத்துப் பக்கம் வேறு கட்சிகளின் யாப்புகளைப் பார்த்து எழுதியவை. ஒரு பக்கம் மட்டும் தோணியில் பிறந்தது. வாக்கெடுப்புக் கிடையாது, ஐந்து பேரும் சம்மதிக்கும்வரை தோணி கரைக்கு வராது. ஒருவர் தனித்து நின்று மறுத்தால் கோல் அவர் கைக்குப் போகும், தோணி அவர் விரும்பிய பக்கம் போகும். கோல் அவர் கையில் இருக்கும் நேரம் மற்ற நால்வரும் அவருடனோ தங்களுக்குள்ளோ ஒரு சொல்லும் பேசக்கூடாது. அவர் கோலைக் கீழே வைத்த பிறகே பேச்சு. அதன் பிறகும் அவர் தனித்து நின்றால் கோல் திரும்ப அவர் கைக்கே.

வெளியாருக்கு இது விளையாட்டாகத் தெரியும். ஆனால் மறுப்பவருக்குத் தெரியும், தோணியைத் தள்ளிக்கொண்டே பிடிவாதம் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று. உட்கார்ந்திருப்பவர்களுக்கும் தெரியும், ஒருவன் வேர்க்க வேர்க்க நிற்பதை முகத்துக்கு நேரே பார்த்துக்கொண்டு தன் பக்கம்தான் சரி என்று அரை மணித்தியாலம் நினைத்துக்கொண்டிருக்க முடியாது என்று. பெரும்பாலும் அரை மணித்தியாலம் போதும்.

அதிக நேரம் எடுத்தது கொடி. தன் கடையிலிருந்த பச்சைத் துணியைத்தான் போட வேண்டும் என்று இப்றாஹிம் நின்றார். அது ஒரு பக்கத்து ஆட்களின் நிறமாகத் தெரியும் என்றார் நல்லரத்தினம். கோல் இப்றாஹிமின் கைக்குப் போனது. அவருக்குத் தள்ளத் தெரியாது. தோணி நின்ற இடத்திலேயே சுற்றியது. முக்கால் மணித்தியாலம் சுற்றியது. றஞ்சிதா சத்தி எடுத்தாள். இப்றாஹிம் கோலை வைத்துவிட்டு, "எனக்குத் தல சுத்துது, எந்தக் கொடியெண்டாலும் சரி, கரையக் காட்டுங்க," என்றார். கடைசியில் வாவித் தண்ணீரின் நிறம் என்று முடிவானது. அது என்ன நிறம் என்று ஐந்து பேரும் ஐந்து விதமாகச் சொன்னார்கள். யாரும் வாங்காமல் இப்றாஹிமின் கடையில் கிடந்த ஒரு துணிச்சுருள் எல்லோருடைய விடைக்கும் கொஞ்சம் கொஞ்சம் பொருந்தியது.

அந்த மூன்று வருடத்தில் எல்லோரும் கோல் எடுத்திருந்தார்கள், கோணாமலையைத் தவிர. தோணியை நடுவுக்குக் கொண்டுவருவதும் திரும்பக் கொண்டுபோவதும் அவர்தான். ஆனால் மறுப்பாளராக அவர் அதைத் தொட்டதில்லை. கட்சியின் கோரிக்கைகளில் முதலாவது பூவரசடித் துறையைத் திறக்க வேண்டும் என்பது. அது முதலாவதாக இருக்கும்வரை மற்றதெல்லாம் அவருக்குச் சம்மதம்.

வேட்புமனுவின் கடைசி நாளுக்கு முந்தின பின்னேரம் பெரிய கட்சி ஒன்றின் ஆள் நல்லரத்தினத்தின் வீட்டுக்கு வந்தார். சுயேட்சைப் பட்டியலைக் கொடுக்க வேண்டாம், உங்கள் ஆட்கள் மூன்று பேரை எங்கள் பட்டியலில் போடுகிறோம், ஒரு மாதத்தில் பூவரசடித் துறையைத் திறந்து தருகிறோம் என்றார். முடிவு காலையில் வேண்டும். எந்தப் பட்டியலானாலும் பகல் பன்னிரண்டு மணிக்குள் மட்டக்களப்புக் கோட்டைக்குள் இருக்கும் கச்சேரிக்கு, மாவட்டச் செயலகத்துக்கு, போய்ச் சேர வேண்டும். சுயேட்சைப் பட்டியலென்றால் குழுத் தலைவர் நல்லரத்தினமே கையில் கொடுக்க வேண்டும். மற்றதென்றால் மூன்று பேரும் போய்க் கையெழுத்திட வேண்டும். ஒன்பது மணிக்கு செட்டிபாளையம் கரையில் மற்ற வேட்பாளர்களில் ஆறு பேரோடு வேன் நிற்கும் என்று ஒழுங்கு செய்தார்கள். காலை ஏழு மணிக்கு ஐந்து பேரும் தோணியில் ஏறினார்கள்.

தை மாதத்து வாவி தன் கரைகளை மறந்திருக்கும். மழை விட்டு இரண்டு நாள். படுவான்கரை வயல் வட்டைகளுக்கும் வாவிக்கும் நடுவில் இருந்த வரம்பெல்லாம் தண்ணீருக்குள். நெற்கதிரின் நுனிகள் வாவிக்குள்ளிருந்து முளைத்தவை போல நின்றன. பனிமூட்டம் கலையவில்லை. நூறு யார் தூரம் தள்ளி வந்ததும் செட்டிபாளையம் கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. கோணாமலை கோலைத் தோணியின் நடுவில் நீளவாட்டில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

நல்லரத்தினம் புது வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மடியில் பிளாஸ்ரிக் உறைக்குள் வேட்புமனு. "பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்ட பட்டியல் இது," என்றார். "இதக் கிழிச்சுப் போட்டு மூண்டு பேர் மட்டும் அவங்கட கொடிக்குக் கீழ போய் நிக்கிறதோ?"

"அவங்கட கொடிக்கும் துணி நான்தான் குடுக்கிறதெண்டா யோசிக்கலாம்," என்றார் இப்றாஹிம்.

"பகிடிய விடுங்க காக்கா," என்றான் விஜிதரன், இப்றாஹிமை அண்ணன் முறை சொல்லி. "முந்தநாள்தான் அவங்களக் கண்டிச்சு மதிலில நோட்டீஸ் ஒட்டின நான். இன்னும் பசை காயல்ல. இப்ப நானே போய் அதக் கிழிக்கிறதா?"

"நனைஞ்சிரிக்கும், லேசாக் கிழியும்."

"காக்கா."

றஞ்சிதா மடியில் கூட்டக் குறிப்புப் புத்தகத்தை விரித்திருந்தாள். "கோணாமலை அண்ணன் ஒண்டும் சொல்லல்ல," என்றாள்.

"துறையப் பத்தி யாரும் ஒண்டும் சொல்லல்ல. அதான் பாத்துக்கு இரிக்கன்," என்றார் கோணாமலை.

நல்லரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கோணாமலை, துறைதானே எங்கட முதலாவது கோரிக்கை."

"ஓம் ஐயா. ரெண்டு வருசமா முதலாவதாக் கிடக்கு."

"அவங்கள் சொன்னாப்போல திறந்திருவாங்களா?"

"நம்ம சொல்லியும் திறக்கல்லத்தானே."

பெரிய கட்சியோடு சேரக்கூடாது என்று மற்ற நான்கு பேரும் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். கோணாமலை சேரவேண்டும் என்றார். பிறகு குனிந்து கோலை எடுத்தார். முப்பத்தெட்டு வருடமாகக் கையில் பிடித்த சாமான், அன்று யாரோ தந்தது போலப் பாரமாக இருந்தது. றஞ்சிதா எழுதினாள்: கோல், கோணாமலை, 7.40.

எங்கே போவது என்று அவர் யோசிக்கவில்லை. தோணியின் மூக்கு தெற்கே திரும்பியது.

மூட்டத்துக்குள் தண்ணீரும் வானமும் ஒரே துணி. நீர்க்காகம் ஒன்று கம்பில் இருந்து சிறகு விரித்துக் காய்ந்தது, கம்பு தெரியவில்லை, பறவை மட்டும் அந்தரத்தில் தொங்கியது. கோல் இறங்கும்போது ஒரு சத்தம், சேற்றிலிருந்து பிடுங்கும்போது வேறொரு சத்தம். மற்றபடி ஒன்றுமில்லை. பேசக்கூடாது என்றபோது நான்கு பேரின் முகமும் மாறியது. நல்லரத்தினம் தபாற்கந்தோரில் முத்திரை குத்தி முடித்த பின்னேரத்தில் இருப்பவர் போல இருந்தார். இப்றாஹிம் ஒரு விரலைத் தண்ணீரில் விட்டு இழுத்துக்கொண்டே வந்தார். விஜிதரன் கண்ணை மூடினான். றஞ்சிதா அவ்வப்போது இடது கையைப் பார்த்தாள். கைக்கடிகாரத்தை அவள் மணிக்கட்டின் உட்பக்கமாகக் கட்டுவாள், பார்த்தால் தன் உள்ளங்கையைப் படிப்பது மாதிரி இருக்கும்.

கோணாமலையிடம் கடிகாரம் இல்லை. வெயிலைப் பார்த்து நேரம் சொல்லுவார், அன்று வெயில் இல்லை. தென்காற்று இலேசாக முகத்தில் அடித்தது, தோணி அரை மனதோடு நகர்ந்தது. அவர் மனம் ஓடிய இடங்களுக்குக் கணக்கில்லை. தகப்பனோடு முதன்முதல் இறால் வலை வளைத்த காலை. நேசம்மாவைப் பெண் பார்க்கப் போன அன்று தோணியில் போய்ச் சேறு பட்ட வேட்டியோடு நின்றது. பூவரசம் பூக்கள் தோணிக்குள் விழுந்து, மஞ்சளாக விழுந்து, மத்தியானத்துக்குள் சிவந்து கிடப்பது. துறை என்பது நிலம்தானா என்று அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். வீடு போனபோது அழுதார், ஒரு கிழமையில் தேறினார். துறை போனபோது அழவில்லை, இன்னும் தேறவில்லை.

இடையில் விஜிதரனின் கைத்தொலைபேசி மடிக்குள் நடுங்கியது. அவன் எடுத்துப் பார்த்தான், கோணாமலையைப் பார்த்தான், அதைத் தொடைக்குக் கீழே வைத்து அமர்ந்துகொண்டான். வேன்காரனாக இருக்கும் என்று கோணாமலைக்குத் தோன்றியது. நேரம் போகிறதென்றால் யாராவது ஒரு சாடை காட்டுவார்கள் என்றும் தோன்றியது. அவருக்கு நேரம் தெரியாமலா போகும், தெரிந்துதான் தள்ளுகிறார் என்று மற்ற நால்வரும் நினைத்தார்கள். இது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது.

பூவரசு முதலில் தெரிந்தது. பிறகு தண்ணீருக்குள் இறங்கிய முட்கம்பி, அதில் மாட்டிய வெற்றுத் தகரப் பேணிகள், தார்ப் பீப்பாய்கள் அடுக்கிய காவலரண். ஒரு சிப்பாய் சரிவில் குந்தியிருந்து சேட் கழுவிக்கொண்டிருந்தான். தோணியைக் கண்டதும் ஈரச் சேட்டோடு எழும்பினான். இன்னொருவன் துப்பாக்கியோடு வந்தான்.

"எங்க போறது?" என்றான் முதலாமவன், கல்லுக்கல்லாக அடுக்கிய தமிழில்.

"போகல்ல. பாக்க வந்த," என்றார் கோணாமலை. "இது நான் தோணி கட்டின இடம்."

அவன் மற்ற நான்கு பேரையும் பார்த்தான். "நீங்க யாரு?"

நான்கு பேரும் பேசவில்லை. அவன் நல்லரத்தினத்தை நேரே பார்த்துத் திரும்பக் கேட்டான். நல்லரத்தினம் மரியாதையாகக் கையைக் கூப்பினார், வாயைத் திறக்கவில்லை. இப்றாஹிம் சிரிக்க முயன்றார். துப்பாக்கிக்காரன் ஓரடி முன்னால் வந்தான்.

"இவங்க ஊமையா?"

"இல்ல ஐயா. கூட்டம் நடக்குது."

"கூட்டம்?" அவன் தோணியை ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை பார்த்தான். "கூட்டத்தில பேசுறது இல்லையா?"

"இப்ப நான் மட்டும்தான் பேசலாம்."

சிப்பாய்கள் தங்களுக்குள் சிங்களத்தில் பேசிக்கொண்டார்கள். உள்ளே போய் ஒரு கோப்ரலை அழைத்து வந்தார்கள். கோப்ரல் ஐந்து அடையாள அட்டைகளையும் வாங்கினார். நால்வரும் சத்தமில்லாமல் எடுத்துக் கொடுத்தார்கள். கோல் இன்னும் கோணாமலையின் கையில் இருந்தது. அதை வைத்துவிட்டால் எல்லோரும் பேசலாம், ஒரு நிமிடத்தில் எல்லாம் விளங்கப்படுத்தலாம். ஆனால் வைத்தால் தன் முறை முடிந்துவிடும், அவர் மனம் இன்னும் ஒரு பக்கம் நிற்கவில்லை. வைக்கவில்லை. அட்டைகளின் இலக்கங்களை உள்ளே ரேடியோவில் வாசிக்கும் சத்தம் நீண்ட நேரம் கேட்டது.

அந்த நேரத்தில் அவர் துறையைப் பார்த்தார். சரிவு கூட்டித் துப்புரவாக இருந்தது. வலைக் கம்புகளில் கொடி கட்டி உடுப்புக் காயப்போட்டிருந்தார்கள். தோணி இழுத்துவிடும் இடத்தில் நான்கு வரிசை கத்தரி நட்டு, ஒவ்வொரு கன்றுக்கும் தென்னமட்டையால் மறைப்பு வைத்திருந்தார்கள். அக்கறையாக வைத்திருந்தார்கள்.

"நல்ல இடம்," என்றான் சேட் கழுவினவன், எதையாவது சொல்ல வேண்டும் என்பது போல. "மீன் நிறைய."

"ஓம். தெரியும்."

"நீங்க வாங்க, தேத்தண்ணி குடிக்கிறதா?"

கோணாமலை வேண்டாம் என்றார். ஏதோ ஒன்று அவருக்குள் உட்கார்ந்தது. இங்கேயும் தேநீர். நாளைக்குப் பெரிய கட்சி திறந்து கொடுத்தால், அந்த ஆள் இந்தச் சரிவில் வந்து நின்று படம் பிடிப்பார். ஒவ்வொரு தேர்தலுக்கும் வந்து தோணியை எண்ணுவார். யார் தோணி முதலாவது, யார் தோணி மூன்றாவது என்று அவர் சொல்லுவார். இந்தப் பூவரசுக்குக் கீழேயும் தான் விருந்தாளியாகத்தான் நிற்க வேண்டி வரும்.

அட்டைகள் திரும்பி வந்தன. கோணாமலை தோணியைப் பத்து யார் பின்னால் தள்ளி நிறுத்தினார். கோலை மெதுவாகக் கீழே வைத்தார்.

அவர் வாய் திறக்கும் முன் இப்றாஹிம் பேசினார். பகிடி இல்லாத குரல். "அண்ணன், நான் மாறிட்டன். எத்தினையோ தரம் நீங்க சொல்லிக் கேட்டன், கண்ணால பாக்கல்ல. போய்ச் சேருவம். துறைய எடுப்பம்."

"நானும்தான்," என்றான் விஜிதரன். "நோட்டீஸ நானே கிழிக்கிறன்."

றஞ்சிதாவும் ஓமென்று தலையாட்டினாள். நல்லரத்தினம் மடியிலிருந்த உறையைத் தடவினார். அவர் வாழ்நாளில் ஒரு பட்டியலின் தலையில் தன் பெயரை எழுதியது இதுதான் முதல்முறை. "எனக்கும் சம்மதம்," என்றார். "நீ அங்க நிண்டு ஒரு வார்த்தையும் கேக்காமப் பாத்தியே, அதுக்குப் பிறகு நான் என்ன சொல்ல?"

கோணாமலை நான்கு முகங்களையும் பார்த்தார். "எனக்கு வேணாம்," என்றார்.

"என்னது?"

"சேர வேணாம். அவங்க திறந்து தந்தா அது அவங்கட துறை. நான் அதில மூண்டாவது வரிசை. நம்மட பட்டியலக் குடுப்பம்."

தோணி இலேசாக ஆடியது. இப்றாஹிம் ஒருமுறை நல்லரத்தினத்தையும் ஒருமுறை கீழே கிடந்த கோலையும் பார்த்தார். "அப்ப திரும்பவும் இவர்தான் தனிய," என்றார். "கோல் திரும்ப இவருக்குத்தான். அல்லாஹ்வே, இண்டைக்கு நாம வீட்ட போக மாட்டம்."

விஜிதரன் சிரித்துவிட்டான். நல்லரத்தினமும் சிரித்தார். நால்வரும் ஒரே மூச்சில் திரும்ப மாறினார்கள், அதற்குக் கோல் தேவைப்படவில்லை. ஐந்து பேரும் சம்மதம், சுயேட்சைப் பட்டியல். றஞ்சிதா அதை எழுதத் தொடங்கி, நேரம் போடுவதற்காக மணிக்கட்டைத் திருப்பினாள். எழுதாமல் நின்றாள்.

"பத்து முப்பத்தஞ்சு," என்றாள்.

செட்டிபாளையம் கரைக்கு எப்படித் தள்ளினாலும் ஒன்றரை மணித்தியாலம். அங்கிருந்து வேனில் சோதனைச் சாவடிகளோடு முக்கால் மணித்தியாலம்.

"ஏன் ஒருத்தரும் சொல்லல்ல?" என்றார் கோணாமலை.

"கோல் உங்கட கையில இருந்திச்சு," என்றாள் றஞ்சிதா. "எட்டே முக்காலில இருந்து பாத்துக்கு இரிந்தன். ஒன்பதரைக்கு நெஞ்சு இடிச்சிச்சு. எப்பிடிச் சொல்ற?"

"வேன்காரன் ஆறு தரம் அடிச்சான்," என்றான் விஜிதரன். "நான் அதுக்கு மேல குந்திக்கு இரிந்தன்."

"சாடையாவது காட்டியிருக்கலாமே."

"சாடையும் பேச்சுத்தான்," என்றார் நல்லரத்தினம். யாப்பை எழுதியவர்.

ஒரு வழி இருந்தது. பூவரசடித் துறையில் ஏறினால் பிரதான வீதி ஐந்து நிமிட நடை. வேனை அங்கே வரச் சொன்னால் பதினொன்றே முக்காலுக்குக் கச்சேரி. கோணாமலை தோணியைத் திரும்பக் கம்பியருகே விட்டார். நல்லரத்தினம் உறையை உயர்த்திக் காட்டி, கோப்ரலுக்கு எல்லாவற்றையும் சொன்னார், இம்முறை நிறையவே பேசினார். கோப்ரல் பொறுமையாகக் கேட்டார். உள்ளே போய் ரேடியோவில் கேட்டார். பதினைந்து நிமிடத்தில் வந்து இல்லையென்று தலையாட்டினார். வந்த வழியே போகச் சொல்லியிருக்கிறார்கள். அவருக்கும் அது பிடிக்கவில்லை என்று முகம் சொன்னது.

திரும்பும்போது அவசரமில்லை. மூட்டம் கலைந்து, வாவி ஒரே வெளிச்சமாகக் கிடந்தது. நீர்க்காகங்கள் தோணிக்கு முன்னால் முங்கி, பின்னால் எழும்பின. கோணாமலை தள்ளினார், யாரும் அவரை மாற்றிக்கொள்ளக் கேட்கவில்லை. களுதாவளைப் பிள்ளையார் கோயிலில் மத்தியானப் பூசைக்கு மணி அடித்தது. சத்தம் தண்ணீருக்கு மேலால் வந்து தோணியைத் தாண்டிப் படுவான்கரைக்குப் போனது. பன்னிரண்டு மணி என்று எல்லோருக்கும் தெரிந்தது. நல்லரத்தினம் புதுச் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு, உறையைத் தோணியின் ஈரம் படாத இடமாகப் பார்த்து வைத்தார்.

வேனில் காத்திருந்த ஆறு வேட்பாளர்களும் கோணாமலையுடன் இரண்டு மாதம் பேசவில்லை. அவர்களில் இருவர் பின்னர் பெரிய கட்சிக்குப் போனார்கள். நேசம்மா மட்டும் அன்றிரவு சோறு போட்டுக்கொண்டே, "அப்ப காலையில இருந்து மத்தியானம் வரைக்கும் ஒருத்தரும் கதைக்கவே இல்லையா? உங்கட கட்சி நல்ல கட்சிதான்," என்றாள்.

அடுத்த ஞாயிறு தோணி நடுவில் நின்றபோது யாப்பில் ஒரு வரி சேர்த்தார்கள்: கோல் பிடித்திருப்பவருக்கு நேரம் மட்டும் சொல்லலாம். மூன்று நிமிடத்தில் ஐந்து பேரும் சம்மதித்தார்கள். அதே கூட்டத்தில் கோணாமலை ஒன்று கேட்டார். துறைக்கு மனு எழுதுவோம், அதில் கட்சியின் பெயர் வேண்டாம், துறையில் தோணி கட்டியவர்களின் பெயர் மட்டும். நல்லரத்தினம் தபாற்கந்தோர் எழுத்தில் அதை எழுதினார். பூவரசடியில் தோணி கட்டிய பத்தொன்பது பேரும் கையெழுத்திட்டார்கள், பதிவுத் தபாலில் போனது. பதில் இல்லை. 2009 வைகாசியில் போர் முடிந்தது. அதே மனு மூன்றாம் முறை போனது.

2010 ஆவணியில் பூவரசடித் துறையில் பன்னிரண்டு அடி அகலத்துக்கு முட்கம்பியை எடுத்தார்கள். காலை ஐந்தரையிலிருந்து மாலை ஆறு வரை, அடையாள அட்டையோடு போகலாம். காவலரணும் கத்தரிப் பாத்தியும் இன்னும் ஒரு வருடம் இருந்தன. கோணாமலை இரண்டாம் நாள் காலையில் செட்டிபாளையத்திலிருந்து தோணியைத் தள்ளிக்கொண்டு போய் அங்கே கட்டினார்.